261 ஆம் வான்படையணி: சீனக்குடா, 1942

261 ஆம் வான்படையணி, இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையின் கிழக்குக் கரைக்குக் காவல் நின்ற பிரித்தானிய அரச வான்படையின் சண்டை விமானப் பிரிவாகும். 1942 மார்ச்சில் இலங்கைக்கு வந்து திருகோணமலைக்கு அருகே சீனக்குடாவில் நிலைகொண்ட இப்பிரிவு, 1943 ஜனவரியில் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை திருகோணமலையைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்தவற்றுள் இதுவே முதன்மைப் பிரிவு. அன்று முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இப்பிரிவு காத்த கிழக்குக் கரையின் தெற்கிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய கரையூர்கள் அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றை உள்ளடக்கிய அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிக்கப்பட்டது.

இப்பிரிவு ஏப்ரல் 9 அன்று வானில் சண்டையிட்ட நேரம் சொற்பம். அதன் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முடிவுசெய்தவை தரையில் இருந்தன: விடியுமுன் ஆயத்தமாகும் ஒழுங்கு, ராடார் கண்ட செய்தி ஓடுபாதைக்கு வந்துசேர எடுத்த நேரம், தொலைபேசிக் கம்பி.

பின்னணி

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரும் மார்ச் தொடக்கத்தில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. மார்ச் 23 இல் அந்தமான் தீவுகளும் வீழ்ந்தன. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு எஞ்சிய முக்கிய துறைமுகங்களுள் கொழும்பும் திருகோணமலையும் இருந்தன. மலாயா இழக்கப்பட்ட பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் முக்கிய இடமாகவும் இலங்கை மாறியிருந்தது. பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்த தீவில் அரிசி வரத்து நின்றுபோனது. பங்கீட்டு முறை வந்தது. மட்டக்களப்புத் தென்பகுதியின் நெற்காணிகளுக்குப் புதிய முக்கியத்துவம் ஏற்பட்டது.

மார்ச்சில் அட்மிரல் சேர் ஜெப்ரி லேட்டன் இலங்கையின் பிரதம தளபதியாகப் பொறுப்பேற்றார். குடிமுறை நிருவாகமும் அவருடைய அதிகாரத்துக்குக் கீழே வந்தது. வான்படைக்கு எயார் வைஸ் மார்ஷல் ஜோன் டால்பியாக் தலைமை தாங்கினார். அப்போது தீவில் ஹரிக்கேன் சண்டை விமானப் பிரிவுகள் மூன்று இருந்தன: ரத்மலானையில் 30 ஆம் பிரிவு, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258 ஆம் பிரிவு, சீனக்குடாவில் 261 ஆம் பிரிவு. காலியை அடுத்த கொக்கலையில் நீண்ட தூரம் பறந்து கடலை வேவு பார்க்கும் கட்டலினா நீர்விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

தோற்றமும் வருகையும்

261 ஆம் பிரிவு 1940 ஆகஸ்டில் மோல்ட்டாத் தீவில் உருவாக்கப்பட்டது. இத்தாலிய, ஜெர்மானியக் குண்டுவீச்சுகளுக்கு நடுவே அத்தீவைக் காத்துநின்ற அப்பிரிவு 1941 மே மாதத்தில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஈராக்கின் ஹபானியாவில் அதே இலக்கத்தோடு மீண்டும் அமைக்கப்பட்டுப் பாரசீகத்திலும் பாலஸ்தீனத்திலும் பணியாற்றியது. 1942 தொடக்கத்தில் கிழக்கே அனுப்பப்பட்டு, மார்ச் முதல் வாரத்தில் இன்டோமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 30 ஆம் பிரிவோடு சேர்ந்து பறந்து இலங்கையில் தரையிறங்கியது.

பிரிவின் தளபதி ஸ்குவாட்ரன் லீடர் ஏ. ஜி. லூயிஸ் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். 1940 இல் இங்கிலாந்து வானில் நடந்த பிரித்தானியச் சமரில் பெயர்பெற்ற விமானி. அதே சமரில் போலந்து நாட்டு விமானிகளைக் கொண்ட 303 ஆம் பிரிவும் ஹரிக்கேன்களிலேயே பறந்து, அவ்வகை விமானம் ஓட்டிய பிரிவுகளுள் மிகக் கூடுதலான வெற்றிகளைக் கோரியது. இங்கிலாந்தில் ஹரிக்கேனுக்குப் பின்னால் கரையோர ராடார் சங்கிலி, பார்வையாளர் நிலையங்கள், புதைகம்பித் தொலைபேசி, பயிற்சி பெற்ற கட்டுப்பாட்டு அறைகள் என்று ஒரு முழு ஏற்பாடே இருந்தது. சீனக்குடாவில் அந்த ஏற்பாட்டின் சிறு பகுதியைச் சில வாரங்களுக்குள் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

தளம்

சீனக்குடா, திருகோணமலை உள்துறைமுகத்தின் ஒரு கிளைக்குடா. ஓடுபாதையின் அருகே காட்டுக்குள், கடற்படைக்கென முன்னரே கட்டப்பட்ட பெரும் எண்ணெய்க் குதங்கள் வரிசையாக நின்றன. 261 ஆம் பிரிவோடு 273 ஆம் பிரிவும் இங்கே இருந்தது. 1939 ஆகஸ்டில் சீனக்குடாவிலேயே அமைக்கப்பட்ட அப்பிரிவு பழைய வில்டபீஸ்ட் விமானங்களை விட்டு, இரண்டு பேர் ஏறும் புல்மார் சண்டை விமானங்களுக்கு அப்போதுதான் மாறியிருந்தது. வடக்கே கொக்கிளாயில் ஒரு துணை ஓடுபாதை இருந்தது. எலிசபெத் முனையில் ராடார் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது.

கிழக்குக் கரையின் காப்பு முழுவதும் இவ்வாறு திருகோணமலையைச் சுற்றியே அமைந்தது. சீனக்குடாவிலிருந்து நேர்கோட்டில் மட்டக்களப்பு ஏறத்தாழ 107 கிலோமீற்றர். கல்முனை ஏறத்தாழ 144 கிலோமீற்றர். ஹரிக்கேன் ஒன்று சாதாரண வேகத்தில் கல்முனைக்கு மேலே வந்துசேர இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

ஒரு நாளின் ஒழுங்கு

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வரும் தாக்குதல் விடியலை ஒட்டியே வரும். இருளில் கப்பலை நெருக்கிக் கொண்டுவந்து, முதல் வெளிச்சத்தில் விமானங்களை ஏவுவது ஜப்பானியரின் வழக்கம். ஆகவே கிழக்குக் கரைப் பிரிவின் நாள் சூரியன் கடலிலிருந்து எழுவதற்கு முன்பே தொடங்கியது.

முதலில் எழுபவர்கள் தரைப் பணியாளர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் இயந்திரத்தைப் பார்க்கும் பிற்றர் ஒருவர், உடற்கூட்டையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் பார்க்கும் ரிகர் ஒருவர். இவர்களுக்கு மேலாகத் துப்பாக்கி, வானொலி, மின்கருவி, ஒட்சிசன் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்கள். இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி, சோதித்து, பெற்றோல் தாங்கியை மீண்டும் நிரப்பி, 700 ஆம் இலக்கப் படிவத்தில் தத்தம் வேலைக்கு எதிரே கையொப்பம் இடுவார்கள். விமானி அதைப் பார்த்துத் தானும் ஒப்பமிட்ட பின்னரே விமானம் அவர் பொறுப்புக்கு வரும். இயந்திரத்தைக் கிளப்ப மின்கல வண்டியொன்று பக்கத்தில் இணைத்தபடியே நிற்கும்.

ஹரிக்கேனின் 2பி வகையில் இறக்கைகளுக்குள் 12 இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் வாய்கள் திறக்கும் துவாரங்களின் மேல், மண்ணும் ஈரமும் புகாதபடி சிறு துணித் துண்டுகளைப் பசைவைத்து ஒட்டிவிடுவார்கள். முதல் வெடியிலேயே துணி கிழிந்துவிடும். திரும்பி வரும் விமானம் இறங்குமுன்னே அதன் இறக்கை விளிம்பைப் பார்த்துச் சண்டை நடந்ததா இல்லையா என்று தரையில் நிற்பவர்கள் அறிந்துகொள்வார்கள். துணி கிழிந்திருந்தால் அடுத்த சில நிமிடங்களுக்குள் பெற்றோல் லொறி, தோட்டாப் பட்டிகள், ஒட்சிசன் குடுவை மூன்றும் அந்த விமானத்தைச் சூழ்ந்துவிட வேண்டும். 12 துப்பாக்கிகளுக்கும் உரிய தோட்டாக்கள் தொடர்ந்து சுட்டால் பதினைந்து வினாடிகளுக்குச் சற்று மேலேதான் தாங்கும்.

விமானிகள் ஆயத்த நிலைகளில் வைக்கப்பட்டிருந்தார்கள். உடனடி ஆயத்தத்தில் இருப்போர் விமானங்களின் அருகே கூடாரத்திலோ மரநிழலிலோ உயிர்காப்பு அங்கியோடு இருக்க வேண்டும். அவர்களுடைய பரசூட் இறக்கையின் மேலோ வால்பகுதியிலோ காத்திருக்கும். அடுத்த குழு பதினைந்து நிமிடத்தில் எழக்கூடிய நிலையிலும் இன்னொன்று முப்பது நிமிட நிலையிலும் இருக்கும். விடுவிக்கப்பட்டவர்கள் மட்டுமே தளத்தைவிட்டுப் போகலாம். பிரிவு ஏ, பி என்ற இரண்டு பாதிகளாக இந்த நிலைகளை மாறிமாறி ஏற்றது.

கட்டளை தொலைபேசியில் வரும். மணி அடித்ததும் எழுதுவினைஞர் எடுத்து உரக்கச் சொல்லுவார், ஓட்டம் தொடங்கும். வானில் ஏறிய பின் கட்டுப்பாட்டு அறை வானொலியில் வழிநடத்தும். எல்லாம் குறிச்சொற்கள்: வெக்டர் என்றால் திசை, ஏஞ்சல்ஸ் 15 என்றால் 15,000 அடி, பான்டிட் என்றால் எதிரி, பான்கேக் என்றால் இறங்கு. ஹரிக்கேன் 20,000 அடிக்கு ஏற எட்டு ஒன்பது நிமிடங்கள் வேண்டும். வெப்ப நாடுகளுக்கென இயந்திரத்தின் முன் பொருத்திய தூசி வடிகட்டி அதன் வேகத்தையும் ஏறுதிறனையும் மேலும் குறைத்தது. அந்த நிமிடங்கள் கிடைத்தால் விமானி எதிரிக்கு மேலே இருப்பார், கிடைக்காவிட்டால் கீழே. ஜப்பானியரின் ஸீரோ விமானம் ஹரிக்கேனைவிடச் சிறு வட்டத்தில் திரும்பும். தாழ்ந்த உயரத்தில் விரைந்து ஏறும். ஸீரோவோடு சுற்றிச் சண்டையிடாமல் மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு அப்படியே விலகிப்போவதே ஹரிக்கேன் விமானிக்குப் பாதுகாப்பான முறை. அதற்கும் உயரமே முதல்.

தரையிறங்கியதும் புலனாய்வு அலுவலர் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் பெறுவார். நேரம், உயரம், சுட்ட தூரம், கண்ட விளைவு எல்லாம் எழுதப்படும். நாளின் நிகழ்வுச் சுருக்கம் 540 ஆம் படிவத்திலும், ஒவ்வொரு பறப்பின் விவரம் 541 ஆம் படிவத்திலும் சேரும். சண்டையில்லாத நாட்களிலும் பதிவு உண்டு: விடியல் ரோந்து, துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்குக் காவல், இயந்திரச் சோதனைப் பறப்பு, மழையால் பறப்பு இல்லை. அக்காலத் திருகோணமலையில் மலேரியாவும் ஓர் எதிரியாகவே இருந்தது. ஆளணிக் கணக்கில் நோயாளர் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 5: கொழும்பு தந்த பாடம்

ஜப்பானிய வைஸ் அட்மிரல் நகுமோவின் தலைமையில் அக்காகி, ஹிர்யு, சோர்யு, ஷொக்காக்கு, ஸுயிக்காக்கு ஆகிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் மார்ச் 26 இல் செலிபிசிலிருந்து புறப்பட்டன. ஏப்ரல் 4 மாலை, கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிய கட்டலினா இலங்கைக்குத் தென்கிழக்கே அவற்றைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அது சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது, உயிர்தப்பியோர் சிறைப்பட்டனர்.

எதிரி வருவது முந்திய மாலையே தெரிந்திருந்தும், மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பின் எச்சரிக்கை ஏற்பாடு தவறியது. 127 விமானங்கள் வந்தன. ரத்மலானை விமானிகள் அவற்றைத் தங்கள் தலைக்கு மேலேயே கண்டார்கள். மேலிருந்து ஸீரோக்கள் பாய்ந்துகொண்டிருக்க அவர்கள் கீழிருந்து எழ வேண்டியதாயிற்று. 30 ஆம் பிரிவு 8 ஹரிக்கேன்களை இழந்தது. பந்தயத் திடலில் ஒரு விமானத்தளம் இருப்பதை ஜப்பானியர் அறியாததால் 258 ஆம் பிரிவின் 14 விமானங்கள் இடையூறின்றி எழுந்தன. எனினும் 9 திரும்பவில்லை. அன்று பிற்பகல் தெற்கே கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தனர்.

ஏப்ரல் 9: சீனக்குடா

ஏப்ரல் 8 பிற்பகலில் மற்றொரு கட்டலினா ஜப்பானியக் கப்பல்களைக் கிழக்கே கண்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே அனுப்பப்பட்டன. ஹேர்மிசும் அதற்குத் துணையான அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அவற்றுள் இருந்தன.

மறுநாள் காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் எலிசபெத் முனை ராடார், ஏறத்தாழ 90 கடல் மைல் தூரத்தில் பெரும் விமானக் கூட்டத்தைக் கண்டது. கொழும்புக்குக் கிடைக்காத எச்சரிக்கை சீனக்குடாவுக்குக் கிடைத்தது. 261 ஆம் பிரிவின் 17 ஹரிக்கேன்களும் 273 ஆம் பிரிவின் 6 புல்மார்களும் எழுப்பப்பட்டன. வந்தவை புச்சிடா என்ற ஜப்பானிய அலுவலரின் தலைமையில் ஏறத்தாழ 130 விமானங்கள்: 91 குண்டுவீச்சு விமானங்கள், அவற்றுக்குக் காவலாக 41 ஸீரோக்கள். முன்கூட்டியே உயரத்தில் நின்ற ஹரிக்கேன்கள் மேலிருந்து பாயும் வாய்ப்பைப் பெற்றன. பிந்தி எழுந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. லூயிசின் விமானம் தரையை விட்டு எழும்பும்போதே தாக்கப்பட்டது. காயத்தோடு மிகத் தாழ்ந்த உயரத்திலிருந்து பரசூட்டில் குதித்த அவர் காட்டில் வீழ்ந்தார். ஏறத்தாழ 36 மணி நேரத்தின் பின் அப்பகுதி மக்கள் கண்டெடுத்துத் தளத்துக்குச் சேர்த்தார்கள்.

பிரிவு 8 ஹரிக்கேன்களை இழந்தது. தளமும் கடற்படைத் துறையும் குண்டுவீச்சில் சேதமுற்றன. துறைமுகத்தில் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. எரிபஸ் என்ற பீரங்கிக் கப்பல் சேதமுற்றது. எண்ணெய்க் குதம் ஒன்று பல நாட்கள் எரிந்தது. அன்று கொழும்பிலிருந்து 11 ஆம் பிரிவின் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் சென்று அக்காகிக்கு அருகே குண்டுகளை வீழ்த்தின. எதுவும் நேரே படவில்லை; அவ்விமானங்களுள் 5 திரும்பவில்லை.

தெற்குக் கடலும் ஹேர்மிசும்

விமானந்தாங்கியாகவே திட்டமிடப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ். அன்று அதன் விமானங்கள் எல்லாம் கரையில் விடப்பட்டிருந்தன. காலை ஒன்பது மணியளவில் மட்டக்களப்புக்கு அப்பால் நின்றபோது, ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் மிதவை விமானம் அதைக் கண்டுவிட்டது. கப்பல் திருகோணமலைத் துப்பாக்கிகளின் காப்பை நாடி வடக்கே விரைந்தது. சண்டை விமானங்களை அனுப்புமாறு கோரியது.

எதிரி தன்னைக் கண்டுவிட்டதை ஹேர்மிஸ் அறிந்த நேரத்துக்கும் முதற்குண்டு விழுந்த நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் இருந்தது. சீனக்குடாவிலிருந்து கால் மணிநேரப் பறப்பு. ஆனால் தாக்குதலுக்குப் பின் சீனக்குடாவின் தொடர்புகள் சீர்குலைந்திருந்தன. பறக்கத்தக்க ஹரிக்கேன்களும் சிலவே எஞ்சியிருந்தன. 10.35 அளவில் பாய்குண்டு விமானங்கள் வந்தன. இருபது நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். வம்பயரும் ஹொலிஹொக் என்ற காவற்கப்பலும் இரு எண்ணெய்க் கப்பல்களும் அதே முற்பகலில் மூழ்கின. தீவின் மறுகோடியிலுள்ள ரத்மலானையிலிருந்து கடற்படையின் புல்மார்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் இல்லை. எஞ்சி நின்ற ஜப்பானிய விமானங்களோடு மோதி அவை இரண்டை இழந்தன.

அவ்வழியே வந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. மட்டக்களப்புக் கரைவரை நீந்தி வந்தவர்களும் உண்டு.

போலந்துடன் ஒப்பீடு

1939 செப்டெம்பர் 1 இல் ஜெர்மனி போலந்தை ஆக்கிரமித்தபோது வார்சோவின் காப்புக்கு நின்ற துரத்துப் படைப்பிரிவின் அனுபவம் சீனக்குடாவின் அனுபவத்துக்கு நெருங்கியது. போர் மூளும் முன்பே அதன் விமானங்கள் நகரத் தளத்திலிருந்து ஸியலோங்கா, பொனியாத்துவ் முதலிய மறைவான புல்வெளித் தளங்களுக்கு மாற்றப்பட்டன. அதனால் முதல் நாளில் அவை தரையிலே அழியவில்லை. அதனிடம் இருந்தவை ஏறத்தாழ 50 விமானங்கள்; பி.11 என்ற முதன்மை வகைகூட ஜெர்மானிய விமானங்களைவிட வேகம் குறைந்தது. ராடார் கிடையாது. பார்வையாளர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்தியே அவர்களுக்குக் கண். முன்னணி பின்வாங்க, பார்வையாளர் நிலையங்களும் கம்பிகளும் கைவிட்டுப் போயின. விமானமும் விமானியும் இருந்தும் எதிரி எங்கே என்று சொல்ல ஆளில்லாமல் போனது. ஒரு வாரத்துக்குள் படைப்பிரிவு வார்சோவை விட்டு லூப்ளின் பக்கம் நகர்த்தப்பட்டது. தளத்தைப் பரப்பி ஒளிப்பதன் பயனைக் கொழும்புப் பந்தயத் திடலும், கம்பி அறுந்தால் வரும் கேட்டை ஹேர்மிசும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின் மீண்டும் காட்டின.

பதிவுகளின் நம்பகம்

வானில் நொடிப்பொழுதில் கண்டதைத் தரையில் எழுதும்போது எண்ணிக்கை பெருகுவது எல்லா நாட்டுப் படைகளிலும் வழக்கம். ஒரே விமானத்தை இருவர் சுட்டால் இரண்டாகப் பதிவாகும். புகைவிட்டபடி போன விமானம் கப்பல் சேர்ந்ததை யாரும் பார்ப்பதில்லை. ஏப்ரல் 5 இல் 18 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியத் தரப்பு எண்ணியது. ஜப்பானியர் இழந்தவை 7. ஏப்ரல் 9 கணக்குகளிலும் இதே இடைவெளி உண்டு. ஒரு பிரிவு தன் இழப்பைக் குறித்து எழுதுவதைப் பெரும்பாலும் நம்பலாம். எதிரியின் இழப்பை எதிரியின் ஏட்டோடு ஒத்துப்பார்த்தே ஏற்க வேண்டும்.

பிற்காலம்

ஜப்பானியர் தரையிறங்குவார்கள் என்று இலங்கையில் பலரும் அஞ்சினார்கள். ஆனால் நகுமோவின் படையோடு துருப்புக் கப்பல்கள் வரவில்லை; கடற்படையைத் தேடி அழிப்பதே அதன் நோக்கம். அது பசிபிக் திரும்பியது. இரண்டு மாதங்களின் பின் மிட்வே சமரில் அக்காகி, ஹிர்யு, சோர்யு மூன்றும் மூழ்கின. இலங்கையில் புதிய விமானத்தளங்களும் ராடார் நிலையங்களும் அமைக்கப்பட்டன. அத்தகைய தாக்குதல் மீண்டும் வரவில்லை.

261 ஆம் பிரிவு 1943 இல் வங்காளத்திலிருந்து பர்மாப் போர்முனைக்குப் பறந்தது. 1944 இல் ஹரிக்கேன்களுக்குப் பதிலாகத் தண்டர்போல்ட் விமானங்களைப் பெற்று, 1945 செப்டெம்பர் 25 இல் கலைக்கப்பட்டது. சீனக்குடாத் தளம் 1957 இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கை வசமானது. இப்போது இலங்கை விமானப்படையின் கல்விக்கூடம் அங்கே இயங்குகிறது.

திருகோணமலை உப்புவெளியில் பொதுநலவாய நாடுகளின் போர்க் கல்லறைத் தோட்டம் பராமரிக்கப்படுகிறது. சகாயிங் கப்பலின் சிதைவை 2018 இல் இலங்கைக் கடற்படை மிதக்கவைத்து அகற்றியது. மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் ஹேர்மிஸ், ஆழ்கடல் சுழியோடிகள் தேடிவரும் இடமாகிவிட்டது. பிரிவின் 540, 541 ஆம் படிவங்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 27 ஆம் இலக்க வான்படைத் தொகுதியில் உள்ளன.